வளவிற் காய்கறித் தோட்டம்: மாசி முதல் வைகாசி வரை பார்த்து வளர்க்கும் முறை

நிந்தவூர் முதலிய கரையோரக் கிராமங்களின் கமக்காரர்களுக்கு

மாரி மழை ஓய்ந்து பெரும்போக வேளாண்மை பழுக்குங் காலத்தில் கமக்காரரின் கண்ணும் கருத்தும் வயலிலேயே இருக்கும். வெட்டும் இயந்திரத்துக்கு முறை பிடித்தல், நெல்லை உலர்த்துதல், விலை பேசுதல் என்று ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதமே வளவிற் காய்கறி விதைப்பதற்கு ஏற்ற மாதமுமாகும். வெட்டு முடிந்தபின் பார்ப்போம் என்று விடுபவரின் கத்தரி, வைகாசியில் வெப்பக் காற்று வீசத் தொடங்கும்போதே பூக்கத் தொடங்கும். பூ உதிரும், காய் கிட்டாது. ஆகவே வெட்டையும் தோட்டத்தையும் ஒருங்கே நடத்தும் வழியை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

குளிர்நாடுகளில் பனி உருகியபின் வரும் வசந்தத்திலே தோட்ட வேலை தொடங்குகின்றது. நமது கரையோரத்தில் அத்தகைய வசந்தம் இல்லை. ஆயினும் அதற்கு நிகரான ஒரு காலம் நமக்கும் உண்டு. மாரியின் ஈரம் மண்ணிலும் கிணற்றிலும் நிறைந்திருக்கும் நாளில் அது தொடங்குகின்றது. கச்சான் காற்று அவ்வீரத்தைக் குடிக்கத் தொடங்கும் நாளில் முடிகின்றது. தை இறுதியிலிருந்து வைகாசி நடுவரை ஏறத்தாழ 120 நாட்கள். இந்நாட்களிற் பயிர் தன் நிலையை நாள்தோறும் இலையாலும் பூவாலும் காட்டும். அதனைப் பார்க்கக் கற்றவருக்கு மருந்தும் பசளையும் குறைவாகவே வேண்டும். பார்த்தலே இத்தோட்டத்தின் முதல் வேலை.

ஏன் இத்தனை அக்கறை?

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் எனக் கூறுகின்றது. ஐவர் உள்ள குடும்பத்துக்கு இது 2 கிலோகிராம். இவ்வளவையும் சந்தையில் வாங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் இயல்வதன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் தடை நீங்கியது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அக்காலத்தில் வளவிலே ஒரு முருங்கையும் இரண்டு பாத்திக் கீரையும் வைத்திருந்த வீட்டாருக்கு அவற்றின் அருமை தெரிந்தது. நெல் விளைவிக்கும் வீட்டிற் சோற்றுக்குக் குறைவில்லாதிருக்கலாம். சோற்றோடு பச்சை இலையும் காயும் இல்லையேல் பிள்ளைகளின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் வேண்டியவை கிட்டா.

மண்ணும் கிணறும்

நிந்தவூரின் வீடுகள் பெரும்பாலும் மேற்கே வயலுக்கும் கிழக்கே கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையிலே அமைந்தவை. வயலின் களிமண்ணிற் பழகிய கை மணலில் வேறு முறையைக் கற்றல் வேண்டும். களிமண் நீரைப் பிடித்து வைக்கும், மணல் விட்டுவிடும். களியில் ஒருமுறை இட்ட பசளை பல நாட்கள் நிற்கும். மணலில் அது அடுத்த மழையோடு கீழே இறங்கிக் கிணற்றிற் சேரும்.

இக்கிணறு எத்தகையது என்பதை ஒவ்வொருவரும் அறிதல் நன்று. கரையோர மணலின் அடியிற் கடலின் உப்புநீர் உள்ளது. மழையால் இறங்கிய நன்னீர் பாரங் குறைந்ததாகையால் அதன்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதனைத் திருப்பிப் பார்க்க: ஓயாது இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்திவிட்டால், காலப்போக்கிற் கீழிருந்து உப்பு 40 அடி மேலேற இடங்கொடுக்கின்றோம்.

2004 டிசெம்பர் 26இல் வந்த கடற்கோளின்போது இந்நாட்டில் மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் அம்பாறையே. கரையோரக் கிணறுகள் உப்பாயின. பின்பெய்த மழைகள் மேலிருந்து நன்னீரை இறக்கவே அவை மெல்ல மெல்லத் தேறின. கிணற்றை நிறைப்பது வானம். அதைக் காப்பது நமது அளவறிந்த இறைப்பு. இதனை மனத்திற் கொண்டே கீழ்வரும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

தை இறுதியும் மாசியும்: மண்ணும் விதையும்

வளவில் நாள்முழுதும் வெயில் படும் இடத்தைத் தெரிந்துகொள்க. தென்னையின் அடியிற் கீரையும் கங்குனும் ஓரளவு வளரும். கத்தரியும் வெண்டியும் காய்க்கா. 10 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள ஐந்து பாத்திகள் ஒரு குடும்பத்துக்கு நல்ல தொடக்கமாகும். பாத்தியின் இருபக்கமும் நின்று கை எட்டும் அகலமாதலால் 3 அடிக்கு மேல் வேண்டாம். மிதித்த மண்ணில் வேர் ஓடாது.

மணற்பாத்தியை உயர்த்திக் கட்டுதல் மாரிக்கே உரியது. கோடையை நோக்கிச் செல்லும் இக்காலத்திற் பாத்தி நிலமட்டத்திலோ ஒரு விரல் தாழ்ந்தோ இருக்கட்டும். நீர் ஓடிப் போகாது. ஒவ்வொரு பாத்திக்கும் மூன்று நான்கு கூடை மக்கிய கூட்டெருவையும் ஒரு கூடை உமிக்கரியையும் கலந்து கொத்துக. உமிக்கரி மணலில் ஈரத்தைப் பிடித்து நிற்க உதவும். நெல் ஆலைகள் நிறைந்த இப்பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை.

வைக்கோலைக் குறித்து ஒரு சொல். வெட்டு முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பதைப் பல வட்டைகளிற் காண்கின்றோம். நெற்பயிர் எடுத்த பொட்டாசியச் சத்தின் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலிலேயே இருக்கின்றது. ஆகவே வயலுக்கு உரியதை வயலில் விட்டு, இரண்டு வண்டில் வைக்கோலை வளவுக்குக் கொண்டுவருக. அதனைப் பச்சையாக மண்ணிற் புதைத்தல் கூடாது. வைக்கோலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். மண்ணின்மேற் பரப்புக, எஞ்சியதைக் கூட்டெருக் குழியில், வேலிக் கிளிரிசீடியா இலை, வேப்பிலை, மாட்டெரு என்பவற்றோடு அடுக்கடுக்காக இடுக. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் எருவாகும். மீன் துடைத்த கழிவையும் குழியின் நடுவிற் புதைக்கலாம். உப்பிட்ட கருவாட்டுக் கழிவு வேண்டாம்.

கத்தரி, மிளகாய் இரண்டுக்கும் நாற்றுமேடை வேண்டும். மேடைமீது வைக்கோலும் உமியும் மாறி மாறி அடுக்கி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல எரியும்படி தீ மூட்டினால், நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் பெரும்பாலும் அழியும். ஆறியபின் வரிசையாக விதைத்து மெல்லிய மண்ணால் மூடுக. கத்தரி நாற்றுக்கு 4 வாரமும் மிளகாய்க்கு 4 முதல் 5 வாரமும் வேண்டும். வெட்டின் வேலை மிகுந்த அந்த வாரங்களில் இவை ஒரு பாய் அகல மேடையிலே வளர்ந்துகொண்டிருக்கும். காலையும் மாலையும் ஐந்து நிமிடப் பார்வையே போதும். வெட்டையும் தோட்டத்தையும் ஒருங்கே நடத்தும் வழி இதுவே. வயலுக்குச் செல்வோர் தை இறுதியில் மேடையை அமைத்துக் கொடுக்க, வீட்டிலுள்ள பெண்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதனைப் பேணலாம்.

வெண்டி, பயற்றை, புடோல், பாகல் என்பன நேரே விதைக்கப்படுவன. விதை பழையதாயின் 10 விதையை ஈரத்துணியிற் சுற்றி வைத்துப் பார்க்க. 7க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுக. வெண்டியை ஓரிரவு நீரில் ஊறவைத்து 3 அடி வரிசையில் 2 அடிக்கு ஒரு குழியாக இடுக. பயற்றையை ஒன்றுக்கொன்று 1 அடி இடைவெளியில் ஊன்றுக. புடோலுக்கும் பாகலுக்கும் ஒரு முழ ஆழக் குழியில் எரு நிரப்பிப் பந்தர் அமைக்க.

இன வகையில் விவசாயத் திணைக்களம் வெளியிட்டவற்றுள் வெண்டியில் ஹரித, கத்தரியிற் திருநெல்வேலி ஊதா, மிளகாயில் எம்.ஐ. 2, பாகலிற் திருநெல்வேலி வெள்ளை என்பன பலருக்கும் பழக்கமானவை. இவற்றின் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். கலப்பின விதை வாங்குவோர் அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த போகத்தில் ஒரே தன்மையான செடி வராது.

அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதம் மாசி, பங்குனி நாட்களில் வருகின்றது. முளைக்கீரை விதைத்த 21 முதல் 28 நாளிற் பிடுங்கத்தக்கது. ஆகவே நோன்புக்கு மூன்று வாரம் முன்னர் ஒரு பாத்தியும் பின்னர் வாரத்துக்கு அரைப் பாத்தியுமாக விதைத்தால் மாதம் முழுதும் வீட்டிற் கீரை இருக்கும். சுபஹுத் தொழுகைக்குப் பிந்திய குளிர்ந்த வேளையில் நீரூற்றி விடுதல் நோன்பு நோற்பவருக்கு இலகு; பயிருக்கும் நன்று.

பங்குனி: முளையும் இளஞ்செடியும்

பயற்றை 3 முதல் 5 நாளிலும் வெண்டி ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள்ளும் முளைக்கும். முளைத்த நாளிலிருந்து மூன்று வாரம் பயற்றைக்கு ஆபத்தான காலம். இலை காரணமின்றி மஞ்சளாகி, தண்டின் அடி பருத்து வெடித்திருக்குமாயின், செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்க்க. உள்ளே வெண்ணிறப் புழுவோ கபிலநிறக் கூட்டுப்புழுவோ காணப்பட்டால் அது அவரை ஈயின் வேலை. சிறிய கருநிற ஈ முதல் இலைகளில் முட்டையிட, புழு தண்டு வழியே அடிக்கு இறங்குகின்றது. மாண்ட செடியை எரித்துவிடுக. மற்றச் செடிகளின் அடிக்கு மண் அணைத்து வைக்கோல் இடுக. காயத்துக்கு மேலே புதுவேர் விட்டு அவை பிழைத்துக்கொள்ளும்.

வைக்கோலைத் தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, நான்கு விரல் தடிப்புக்குப் பரப்புக. பரப்பிய பாத்தியையும் பரப்பாத பாத்தியையும் பிற்பகலில் விரலால் தோண்டிப் பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும். கறையான் கண்டால் அவ்விடத்து வைக்கோலை விலக்கி நீரூற்றுக.

நான்கு வாரக் கத்தரி நாற்றை மாலையிலே பிடுங்கி மாலையிலே நடுக. முதல் மூன்று நாள் தென்னோலை கொண்டு நிழல் கொடுக்க. கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடியும், மிளகாய்க்கு 2 அடிக்கு 1½ அடியும் இடைவெளி வேண்டும். இக்காலத்திற் பிற்பகல் இடியோடு மழை பெய்வதுண்டு. பெய்த மறுநாள் நீரூற்ற வேண்டியதில்லை. ஆனால் இடம்விட்டு இடம்பெய்யும் இம்மழையை நம்பி இருந்துவிடவும் கூடாது. விரல் இரண்டு கணு ஆழத்தில் ஈரம் உண்டா என்பதே சான்று.

மிளகாயின் கொழுந்து இலைகளைக் கவனிக்க. இலையின் ஓரங்கள் மேனோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியின் தாக்கம் என்றும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியின் தாக்கம் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். இரண்டும் கண்ணுக்கு எளிதிற் தெரியாதவை. முதற் செடியிலே கண்டு அக்கொழுந்தைக் கிள்ளி எரித்தால் பாத்தி தப்பும்; பத்துச் செடிக்குப் பரவியபின் கண்டாற் பயனில்லை.

சித்திரை: பூவும் பிஞ்சும்

வெண்டி ஏறக்குறைய 40 நாளிற் பூத்து 50 நாளிற் பறிப்புக்கு வரும். பூ மலர்ந்து 5, 6 நாளிற் காய் பறித்தல் வேண்டும். நுனியை மடித்தாற் சடக்கென ஒடிவது பறிக்கும் பதம். வளைந்து கொடுப்பது முற்றியது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க. முற்றிய காயைச் செடியில் விட்டால் செடி தன் வலிமையை விதைக்குக் கொடுத்துப் புதுப்பூ விடுவதைக் குறைக்கும். விதைக்காக ஒதுக்குவது வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வெண்டி இலையின் நரம்புகள் மஞ்சள் வலைபோற் தெரிந்தால் அது மஞ்சள் சித்திரவடிவ நோய். வெண் ஈ இதனைப் பரப்புகின்றது. நோய்ப்பட்ட செடி தேறாது. காய் ஒன்றிரண்டு கிடைக்குமே என்று வைத்திருப்பவர் மற்றச் செடிகளையும் இழப்பார். உடனே பிடுங்கி அகற்றுக.

புடோல், பாகல், பீர்க்குக் கொடிகள் முதலில் ஆண்பூக்களையே விடும். அவை உதிர்வது கண்டு கலங்க வேண்டாம். சில நாட்களின் பின் அடியிற் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண்பூ தோன்றும். பெண்பூவும் பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்பது பொருள். பாகற் பூ காலையிலும் புடோற் பூ அந்தியிலும் மலர்வன. அவ்வேளையில் ஆண்பூ ஒன்றைப் பறித்துப் பெண்பூவின் நடுவிலே மெல்லத் தொட்டுவிட்டால் பிஞ்சு நிற்கும். காலையிற் தேனீ வந்து செல்லும் நேரத்தில் எந்த மருந்தும் தெளித்தல் ஆகாது.

பிஞ்சு நின்றதும் பழ ஈ வரும். இளங்காயின் தோலில் ஊசிமுனைப் பொட்டும் அதிற் கசிந்த துளியும் இருந்தால் ஈ முட்டையிட்டது என்று அறிக. அக்காய் கோணி அழுகும்; புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாய் வரும். ஆகவே பிஞ்சு பெருவிரலளவாய் இருக்கும்போதே கடதாசிப் பையிட்டுக் கட்டுக. விழுந்த காய்களை வேலியோரம் எறியாது 2 அடி ஆழத்திற் புதைக்க, அல்லது பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் இடுக. ஒரு வளவில் எறிந்த காய் அயல் வளவுகளையும் கெடுக்கும். புடோலின் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டிவிடும் வழக்கம் காயை நேராக நீளச் செய்யும்.

கத்தரியின் நுனிக் கொழுந்து ஒன்று மட்டும் வாடித் தொங்குவதைக் காலையிற் காண்பீர்கள். நீர்க்குறையாயின் செடி முழுதும் வாடும். ஒரு கொழுந்து மட்டும் வாடுவது துளைப்பான் புழுவால். வாட்டத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டி, புழுவோடு எரித்துவிடுக. இதனைக் கிழமைக்கு இருமுறை செய்தால் காயிற் துளை வெகுவாகக் குறையும். வெளியிலிருந்து தெளிக்கும் மருந்து காயினுள்ளே இருக்கும் புழுவை எட்டாது என்பதையும் நினைவிற் கொள்க.

பயற்றையின் கொழுந்திலும் பூக்காம்பிலும் கருநிற அழுக்கணவன் மொய்க்கும். எறும்புச் சாரை ஏறுவதே அதன் முதல் அறிகுறி. அழுக்கணவன் வடிக்கும் இன்னீருக்காக எறும்பு அதனைக் காத்து நிற்கின்றது. அங்கே சிவந்த முதுகிற் கரும்புள்ளியுடைய சிறு வண்டுகள் இருப்பின் சில நாள் பொறுக்க. அவை அழுக்கணவனை உண்பன. இல்லையேல் நீரை விசையாக அடித்துக் கழுவுக. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரங் கரைத்து மாலையிற் தெளிப்பதும் பயன்தரும்.

வைகாசி: கச்சான் காற்று

தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு மலை தாண்டி இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் உடையதாகின்றது. அதுவே நமது கரைக்குக் கச்சான் காற்று. கடற்காற்றுக்கு அஞ்சிக் கிழக்கே வேலி அடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு; வைகாசியிற் கெடுதி மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகின்றது. அப்பக்கத்திற் கிடுகு வேலியோ, முன்னரே நட்ட மரவள்ளி வரிசையோ இருத்தல் வேண்டும். காற்றை முற்றாகத் தடுக்கும் மதிலைவிட, அதனை ஊடுருவவிட்டுத் தணிக்கும் வேலியே நன்று.

இக்காலத்தில் மிளகாயும் தக்காளியும் பூ உதிர்ப்பது வெப்பத்தால். பசளையிட்டு அதனை நிறுத்த முடியாது. வெப்பத்தைத் தாங்கும் வெண்டி, பயற்றை, கத்தரி, பசளிக்கீரை என்பவற்றுக்கே நீரை ஒதுக்குக.

நீரை அளந்து ஊற்றுதல் வேண்டும். வெயில் நாளில் நிலமும் பயிரும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்கும் எனக் கொண்டால், 10 அடிக்கு 3 அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 14 லீற்றர் வேண்டும். ஐந்து பாத்திக்கு 70 லீற்றர். அதற்கு மேல் ஊற்றும் நீர் மணலில் இறங்கிப் பசளையையும் கொண்டுபோகும். மோட்டார்க் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவதே கிணற்றுக்கும் பயிருக்கும் பெருங்கேடு. அரைப் பங்கு காலையும் அரைப் பங்கு மாலையும் அடியில் ஊற்றுக. இலை ஓரங்கள் கருகி, மண்மேல் வெண்மையாய்ப் பூத்தால் நீரில் உப்பு ஏறுகின்றது. உடனே இறைப்பைக் குறைத்து, வைக்கோலைத் தடிப்பாக்குக. மிளகாய் உப்புக்கு விரைவில் வருந்தும். கீரை அதனிலும் தாங்கும்.

சமையலுக்கும் குழந்தைக்கும் நீர் தரும் கிணறு

இங்கு ஒரு முக்கிய செய்தியைக் கூறுதல் கடமையாகும். யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது. மணற்பாங்கான கற்பிட்டியிலும் சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்திலும் செறிந்த காய்கறிச் செய்கையுள்ள இடங்களிற் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே வயலுக்கு வாங்கிய யூரியாவின் மிச்சத்தைக் கைநிறைய அள்ளி வளவிற் தூவும் வழக்கத்தை விடுக. கூட்டெருவே இத்தோட்டத்தின் அடிப்படை. இரசாயனப் பசளை இட வேண்டின் விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவை மூன்று நான்காகப் பிரித்து, ஈரமண்ணிற் செடியைச் சுற்றி இட்டு மூடுக. எருக்குழியும் மாட்டுப்பட்டியும் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் இருக்கட்டும்.

அவ்வாறே வயல் மருந்தின் மிச்சமும் வளவுக்கு ஆகாது. நெல்லுக்கு விற்ற பூச்சிநாசினி நெல்லுக்கே அளவிடப்பட்டது. நெல், தெளித்துப் பல வாரங்களின் பின் வெட்டப்படுவது. வெண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கப்படுவது. இன்று தெளித்த நஞ்சை நாளை மறுநாள் நமது பிள்ளையின் தட்டில் இடுவதாகவே அது முடியும். கட்டாயமாக மருந்து தேவைப்படின், அப்பயிருக்கென்று சுட்டுத்துண்டில் எழுதப்பட்டதையே வாங்கி, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதை வாசித்து அதன்படி நடக்க. போத்தலைக் கிணற்றடியிற் கழுவுதலும் வெற்றுப் போத்தலில் எண்ணெய் வாங்குதலும் ஒருபோதும் கூடா.

நாள்தோறும் பத்து நிமிடம்

பார்த்தல் என்பது பாத்தியோரம் நடந்து செல்வதன்று. காலையில் வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் ஒதுக்குக. ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு செடியைத் தெரிந்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க. பூச்சியின் முட்டை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கொழுந்து, பூ, பிஞ்சு, தண்டின் அடி, மண்ணின் ஈரம் என்னும் ஐந்தையும் இவ்வொழுங்கிலே பார்த்துவருக. வாட்டத்தைக் காலையிலே மதிக்க வேண்டும். நண்பகலில் எல்லாச் செடியும் சிறிது தளரும். காலையிலும் தளர்ந்திருப்பதே உண்மையான வாட்டம்.

ஓர் அப்பியாசக் கொப்பியைத் தோட்டத்துக்கென்று வைக்க. விதைத்த நாள், எத்தனை விதையில் எத்தனை முளைத்தன, முதற் பூக் கண்ட நாள், முதற் பறிப்பு, பறித்த எடை, பெய்த மழை, கண்ட பூச்சி ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதுக. பள்ளியிற் படிக்கும் பிள்ளையிடம் இவ்வேலையைக் கொடுத்தால் கணக்கும் கமமும் ஒருங்கே கற்கும். வெட்டுக்காலத்தில் வயலிலிருந்து இருளிலே திரும்புபவர் அக்கொப்பியைப் பார்த்துத் தோட்டத்தின் நிலையை அறியலாம். இரண்டாம் ஆண்டில் அதன் பயன் மேலும் புலப்படும்: கச்சான் எந்நாளிற் தொடங்கியது, கிணறு எந்நாளில் உவர்த்தது, எந்த விதைப்பு அதற்கு முன் காய் கொடுத்தது என்பவை உங்கள் வளவுக்கே உரிய அறிவாய் நிற்கும்.

விதைக்கு உரிய செடியையும் இக்கொப்பியே காட்டும். நோயின்றி முந்திக் காய்த்து நிறையக் கொடுத்த செடியிற் துணி கட்டி, அதன் நடுத்தரமான இரண்டு மூன்று காய்களை முற்ற விடுக. உலர்ந்தபின் விதையைப் பிரித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலிற் பெயரும் ஆண்டும் எழுதி வைக்க. வேறு வெண்டி இனம் அயலில் இருப்பின் பூவை மலருமுன் துணிப்பையாற் கட்டினால் இனம் கலவாது.

இவ்வாண்டு ஐந்து பாத்தியும் இயலாதாயின் இரண்டிலே தொடங்குக: ஒன்றிற் கீரை, மற்றதில் வெண்டி. ஐயம் தோன்றுமிடத்து, நோய்ப்பட்ட இலையையோ காயையோ பையிலிட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுசென்று காட்டுக. 1920 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். கொப்பியையும் உடன் கொண்டுசெல்க. செடி எப்போது விதைக்கப்பட்டது, எந்நாளில் வாடத் தொடங்கியது என்று சொல்லக்கூடிய கமக்காரருக்கு விடை கூறுதல் எளிது.